வாசலில் நிறுத்திக் கேட்கும் ஊர்கள்

மாலை மணி ஏழு. மகாராஷ்டிராவின் சாங்லி மாவட்டத்தில் இருக்கும் மோஹித்யாஞ்சே வட்காவ் கிராமத்தில், கோயிலிலிருந்து சைரன் ஒலிக்கிறது. வீடு வீடாக டி.வி. அணைகிறது. சீரியல் பாதியில் நிற்கிறது. செல்போன்கள் ஓரமாக வைக்கப்படுகின்றன. பிள்ளைகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்காருகிறார்கள், பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எட்டரை மணிக்கு அடுத்த சைரன் ஒலிக்கும் வரை ஊரில் திரை வெளிச்சம் இல்லை.

விவசாயிகளும் சர்க்கரை ஆலைத் தொழிலாளர்களும் வாழும், மூவாயிரம் பேர் கொண்ட சின்ன ஊர் அது. கொரோனா காலத்தில் பாடம் செல்போன் வழியாக வந்தது. பள்ளி திறந்த பிறகும் செல்போன் பிள்ளைகளின் கையை விட்டுப் போகவில்லை. 2022-ல் சுதந்திர தினத்தை ஒட்டி ஊர் கூடியது. தினமும் ஒன்றரை மணி நேரம் செல்போனும் டி.வி.யும் ஓய்வெடுக்கட்டும் என்று முடிவானது. இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். ஆரம்ப நாட்களில் வீடு வீடாகப் போய் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு பழகிவிட்டது.

இதே ஏழு மணிக்கு நம் வீடுகளில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். "போனை வை" என்று அம்மா கத்துகிறாள். "எல்லாரும் வெச்சிருக்காங்க, எனக்கு மட்டும் ஏன்?" என்கிறான் பையன். அவன் கேட்பது நியாயமான கேள்வி. வகுப்பில் எல்லோரும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்க, அவன் மட்டும் வெளியே நிற்க வேண்டுமா? அம்மாவிடம் பதில் இல்லை. வட்காவ் தாய்மார்களுக்கு அந்தச் சண்டை போட வேண்டிய தேவை வரவில்லை. பையனின் நண்பன் வீட்டிலும் அதே நேரத்தில் போன் அணைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு கருவியை வேண்டாம் என்று சொல்லும் உரிமை நம் எல்லோருக்கும் இருப்பதாகச் சொல்கிறார்கள். தனி ஆளுக்கு அந்த உரிமையால் பெரிய பயனில்லை. தனியாக மறுப்பவர் ஊரிலிருந்து ஒதுங்கிப்போகிறார். கூடி முடிவெடுத்தால் மட்டுமே மறுப்பு நிலைக்கிறது. இதை நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் செய்து பார்த்த ஒரு கிறிஸ்தவச் சமூகம் அமெரிக்காவில் இருக்கிறது: ஆமிஷ்.

சாலையோரத்து டெலிபோன் கூண்டு

பென்சில்வேனியா மாநிலத்தின் லான்காஸ்டர் பகுதி. சாம்பல் நிறக் கூரை போட்ட குதிரை வண்டிகள் தார்ச்சாலையில் கார்களுக்குப் பக்கத்தில் ஓடுகின்றன. வண்டிச் சக்கரத்தில் ரப்பர் டயர் கிடையாது, இரும்புப் பட்டைதான். ஆனால், பேட்டரியில் எரியும் விளக்குகள் உண்டு. பண்ணை வீட்டுக்குள் மின்சாரக் கம்பி போகவில்லை. வீட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, பாதை ஓரத்தில், ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு மரக் கூண்டு. அதற்குள் ஒரு டெலிபோன். இரண்டு மூன்று குடும்பங்களுக்குப் பொதுவானது. பேச வேண்டுமென்றால் வீட்டை விட்டு இறங்கி, குளிரிலும் மழையிலும் நடந்து போய்ப் பேச வேண்டும்.

ஆமிஷ் மக்களைப் பற்றி வெளியே உலவும் கதை, அவர்கள் காலத்தை நிறுத்தி வைத்தவர்கள் என்பது. அந்த டெலிபோன் கூண்டு வேறு கதை சொல்கிறது. டெலிபோனை அவர்கள் முழுதாக ஏற்கவில்லை, முழுதாக மறுக்கவுமில்லை. அது எங்கே நிற்கலாம் என்று தீர்மானித்தார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டெலிபோன் கம்பிகள் லான்காஸ்டர் பண்ணைகளுக்கு வந்தபோது சில ஆமிஷ் வீடுகளிலும் இணைப்பு இருந்தது. பல வீடுகளுக்கு ஒரே இணைப்பு என்பதால் ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழும். இரண்டு பெண்கள் மூன்றாவது பெண்ணைப் பற்றிப் புறம் பேசியது அந்தப் பெண்ணுக்கே கேட்டுவிட்டதாகவும், அதிலிருந்துதான் பிரச்சினை ஆரம்பித்ததாகவும் அங்கே ஒரு கதை தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிறது. காரணம் எதுவானாலும், 1910 வாக்கில் வீட்டுக்குள் டெலிபோன் கூடாது என்று சபை முடிவெடுத்தது. அது லேசான முடிவாக இருக்கவில்லை. டெலிபோன் உள்ளிட்ட சச்சரவுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் பிரிந்து போனார்கள்.

பிறகு வந்த ஆண்டுகளில் வேறு குரல் எழுந்தது. டாக்டரைக் கூப்பிட, தீயணைப்பு வண்டியை வரவழைக்க என்ன செய்வது? சபை கேட்டுக்கொண்டது. பொதுவான ஒரு போன், வீட்டுக்கு வெளியே இருக்கலாம் என்றது. அவசரத்துக்கு உதவும், சாப்பாட்டு மேஜையில் குறுக்கிடாது. பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்க நேரில் போகும் வழக்கத்தையும் கெடுக்காது.

இதில் என்னை நிறுத்திய விஷயம், அவர்கள் கேட்ட கேள்வி. இது வேலையைச் சுலபமாக்குமா, காசு மிச்சமாகுமா என்பதெல்லாம் பிறகு. இது நம் வீட்டை, நம் பக்கத்து வீட்டு உறவை என்ன செய்யும் என்பதுதான் முதல் கேள்வி. ஒரு புதிய செல்போன் வாங்கும்போது அதன் கேமராவையும் பேட்டரியையும் பற்றி மணிக்கணக்கில் விசாரிக்கிற நாம், இந்தக் கேள்வியை ஒரு நிமிடம்கூடக் கேட்பதில்லை.

■ பெட்டிச் செய்தி: யார் இந்த ஆமிஷ்?

• ஐரோப்பாவில் மதத் துன்புறுத்தலுக்கு ஆளான கிறிஸ்தவப் பிரிவினரிலிருந்து 1693-ல் யாகோப் அம்மான் தலைமையில் பிரிந்தவர்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறினார்கள்.

• வீட்டில் பேசுவது ஜெர்மன் மொழியின் ஒரு வட்டார வழக்கு. வெளியாட்கள் எல்லோரையும் 'இங்கிலீஷ்' என்கிறார்கள்.

• இருபது முதல் நாற்பது குடும்பங்கள் சேர்ந்தது ஒரு சபை வட்டாரம். தேவாலயக் கட்டடம் கிடையாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் வழிபாடு. போதகர்கள் சீட்டுக் குலுக்கித் தேர்வாகிறார்கள்.

• 'ஆர்ட்னுங்' என்பது ஒவ்வொரு வட்டாரத்தின் நடைமுறை விதி. பெரும்பாலும் எழுதி வைக்கப்படாதது. ஆண்டுக்கு இருமுறை பேசிப் புதுப்பிக்கிறார்கள். அதனால் ஓர் ஊரில் அனுமதியுள்ள சைக்கிள் அடுத்த ஊரில் தடையாக இருக்கலாம்.

• சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சில ஆயிரம் பேர். இன்று ஏறத்தாழ நான்கு லட்சம். சுமார் இருபது ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறார்கள். பிள்ளைகளில் எண்பத்தைந்து சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஞானஸ்நானம் பெற்றுச் சமூகத்திலேயே தங்குகிறார்கள்.

பால் வாங்க வந்தவர்கள் வைத்த நிபந்தனை

மறுப்பது சுலபம் என்று யாராவது நினைத்தால் லான்காஸ்டரின் பால் கதையைச் சொல்ல வேண்டும். 1919-ஐ ஒட்டி, பொது மின் இணைப்பை வாங்கக் கூடாது என்று அங்கே முடிவாகியிருந்தது. கம்பி வழியாக வெளியுலகம் முழுவதும் வீட்டுக்குள் வந்துவிடும் என்ற அச்சம். பேட்டரி மின்சாரம் அப்படியல்ல, தேவைக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்பதால் அதற்குத் தடை விழவில்லை.

1960-களின் கடைசியில் பால் கம்பெனிகள் ஒரு நிபந்தனை வைத்தன. இனிமேல் கேன்களில் பால் எடுக்க மாட்டோம். பண்ணையிலேயே பெரிய தொட்டி வேண்டும், அதில் பால் குளிர்ந்தபடி இருக்க வேண்டும், தானாகக் கலக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் பால் வேண்டாம். மறுத்தால் மாடுகளை விற்க வேண்டும். மாடு போனால் பண்ணை போகும், அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து வேலை செய்யும் வாழ்க்கை போகும், ஆண்கள் தொழிற்சாலை வேலைக்கு ஊரை விட்டுப் போவார்கள். மறுப்பே சமூகத்தைக் கலைத்துவிடும் நிலைமை.

சபைப் பெரியவர்களும் கம்பெனி அதிகாரிகளும் உட்கார்ந்து பேசினார்கள். தொட்டிக்குச் சம்மதம். ஆனால், குளிரூட்ட டீசல் இன்ஜின், கலக்குவதற்கு 12 வோல்ட் பேட்டரி. ஞாயிற்றுக்கிழமை பால் வண்டி வரக் கூடாது. கம்பெனி ஒத்துக்கொண்டது. அத்தனை பண்ணைகளும் ஒரே குரலில் நின்றபோது, வாங்குகிறவரே இறங்கி வந்து பேச வேண்டியிருந்தது.

டீசல் இன்ஜின் கொட்டகைக்கு வந்த பிறகு அதைச் சுற்றி ஒரு தொழில்நுட்பமே வளர்ந்தது. இன்ஜின் காற்றை அழுத்தித் தொட்டியில் நிரப்பும். அந்தக் காற்றில் மரம் அறுக்கும் இயந்திரம் ஓடும், தையல் இயந்திரமும் மிக்ஸியும் ஓடும். கடையில் வாங்கிய மின் கருவியின் மோட்டாரைக் கழற்றிவிட்டுக் காற்றில் ஓடும்படி மாற்றித் தருகிற பட்டறைகள் இருக்கின்றன. இந்த மனிதர்கள் இயந்திரத்தைக் கண்டு பயந்தவர்கள் இல்லை. கைதேர்ந்த மெக்கானிக்குகள்.

டிராக்டர் விஷயத்திலும் இதே நுணுக்கம். கொட்டகையில் நின்றபடி மற்ற இயந்திரங்களை ஓட்டுவதற்கு டிராக்டர் சரி. லான்காஸ்டரில் அது வயலில் இறங்கக் கூடாது. இறங்கினால் ஒரே ஆள் பெரிய நிலத்தை உழுதுவிடுவார், பக்கத்து வீட்டுக்காரரின் கை தேவைப்படாது, மேலும் மேலும் நிலம் வாங்கும் ஆசை வரும். அதனால் வைக்கோல் கட்டும் இயந்திரத்தின் மேல் பெட்ரோல் இன்ஜின் ஏறியிருக்கும். அதை இழுத்துப் போவது கோவேறு கழுதைகள். காரும் அப்படித்தான். சொந்தமாக வைத்துக்கொள்ளக் கூடாது, வாடகைக்கு ஏறிப் போகலாம். ஒவ்வொரு பயணத்துக்கும் ஆள் தேடி, காசு கொடுக்க வேண்டியிருப்பதால் தேவைக்கு மட்டும்தான் பயணம்.

மரபணுப் பரிசோதனைக்கு வரவேற்பு

லான்காஸ்டர் பகுதியின் ஸ்ட்ராஸ்பர்க்கில் 1989-ல் டாக்டர் ஹோம்ஸ் மார்ட்டன் குழந்தைகளுக்காக ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். சில நூறு முன்னோர்களிலிருந்து பெருகி, தமக்குள்ளேயே திருமணம் செய்துகொள்ளும் சமூகம் என்பதால், உலகில் வேறெங்கும் அபூர்வமான பரம்பரை நோய்கள் அங்கே அடிக்கடி வருகின்றன. அவற்றில் ஒன்று, பிறந்தபோது நன்றாக இருக்கும் குழந்தையை ஒரு சாதாரணக் காய்ச்சலில் முடக்கிப் போட்டுவிடும். பிறந்தவுடன் ரத்தத்தில் கண்டுபிடித்து, உணவைக் கட்டுப்படுத்திக் கவனித்தால் பெரும்பாலும் தடுக்கலாம்.

அந்த மருத்துவமனையின் மரக் கட்டடத்தை ஆமிஷ் மக்களும் அவர்களுக்கு நெருக்கமான மெனோனைட் கிறிஸ்தவப் பிரிவினரும் கூடி எழுப்பினார்கள். கையால் தைத்த மெத்தை விரிப்புகளை ஏலம் விட்டு அதற்குப் பணம் சேர்க்கிறார்கள். வீட்டில் மின்விளக்கு இல்லாத தாய், குழந்தையின் மரபணு வரிசையைப் படித்துப் பார்க்கும் ஆய்வகத்துக்குக் குதிரை வண்டியில் வருகிறாள். இதில் முரண் எதையும் அவர்கள் காணவில்லை, நானும் காணவில்லை. குழந்தையைக் காப்பாற்றும் கருவி குடும்பத்தைக் காப்பாற்றுகிறது. குடும்பத்தைக் கலைக்கும் கருவிக்கு மட்டும்தான் தடை.

கொடுத்த விலை

இந்த வாழ்க்கையை அழகான படமாக மட்டும் காட்டினால் அது அந்த மக்களுக்கே செய்யும் அநீதி. விலை பெரியது. அதை அதிகம் கொடுப்பவர்கள் யார் என்பதும் முக்கியம்.

பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு பள்ளியை நிறுத்துகிறார்கள். விஸ்கான்சின் மாநிலத்தில் இதற்காகத் தந்தையர் மூவருக்குத் தலா ஐந்து டாலர் அபராதம் விதிக்கப்பட்டு, வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1972-ல் தீர்ப்பு ஆமிஷ் பக்கம் வந்தது. நீதிபதி வில்லியம் டக்ளஸ் மட்டும் ஒரு பகுதியில் மாறுபட்டார். பெற்றோரின் மத உரிமையைப் பற்றிப் பேசுகிறோமே, படிப்பைத் தொடர வேண்டுமா என்று அந்தப் பிள்ளைகளைக் கேட்டோமா என்பது அவருடைய கவலை. அரை நூற்றாண்டு கடந்தும் அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது. வளர்ந்த பின் வெளியேற நினைக்கும் இளைஞருக்குக் கையில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ்கூட இல்லை. ஞானஸ்நானம் பெற்றபின் வெளியேறினால், சொந்த வீட்டிலேயே அவரோடு ஒரே மேஜையில் சாப்பிட மறுக்கும் அளவுக்கு விலக்கி வைக்கும் வழக்கமும் உண்டு.

சபையில் பெண்களுக்கு ஓட்டு உண்டு, போதகர் பதவி கிடையாது. சமூகத்துக்குள் நடந்த பாலியல் கொடுமைகள் போலீஸுக்குப் போகாமல், மன்னிப்பு என்ற பெயரில் சபைக்குள்ளேயே முடிக்கப்பட்டதை அமெரிக்கப் பத்திரிகைகள் விரிவாக எழுதியிருக்கின்றன. வீட்டுக்குள் போன் இல்லாத சிறுமி நள்ளிரவில் யாரைக் கூப்பிடுவாள்? பாதை ஓரத்துக் கூண்டைப் புகழ்கிற எவரும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். கூடி முடிவெடுப்பது நல்லதுதான். கூடியிருப்பவர்களில் யாருடைய குரல் எடுபடுகிறது என்று பார்க்காவிட்டால் அது பலமானவரின் முடிவாகத்தான் முடியும். ஊர்க் கட்டுப்பாடு என்ற பெயரில் நம் கிராமங்களில் பெண்களுக்கும் தலித் மக்களுக்கும் என்னவெல்லாம் நடந்திருக்கிறது என்பது தமிழ் வாசகருக்குத் தெரியாததல்ல.

நெருக்கடி வேறு பக்கத்திலிருந்தும் வருகிறது. நிலத்தின் விலை ஏறிவிட்டதால் பெரும்பாலான ஆமிஷ் ஆண்கள் இப்போது விவசாயத்தில் இல்லை. இந்தியானா மாநிலத்தில் ஆயிரக்கணக்கானோர் சுற்றுலா வேன்கள் தயாரிக்கும் ஆலைகளில் வேலை பார்க்கிறார்கள். ஓஹையோவின் சில பகுதிகளில் மின்சார சைக்கிள் பரவிவிட்டது. சட்டைப் பையில் அடங்கும் ஸ்மார்ட்போனைப் பாதை ஓரத்தில் நிறுத்தி வைக்க முடியாது. டெலிபோனுக்குக் கண்டுபிடித்த தீர்வு இதற்குப் பொருந்தவில்லை, அவர்களும் திணறுகிறார்கள்.

டெல்லியில் ஒரு மாணவர் கேட்டது

இந்த விவாதம் நமக்குப் புதிதல்ல. 1924-ல் சாந்திநிகேதனில் படித்த ஜி. ராமச்சந்திரன் என்ற இளைஞர் டெல்லியில் காந்தியைச் சந்தித்து, எல்லா இயந்திரங்களுக்கும் நீங்கள் எதிரியா என்று நேரடியாகக் கேட்டார். இந்த உடம்பே ஒரு நுட்பமான இயந்திரமாக இருக்கும்போது எப்படி எதிர்க்க முடியும் என்ற பொருளில் காந்தி பதில் சொன்னார். தன் எதிர்ப்பு இயந்திர மோகத்துக்கு என்றார். சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்கு அளித்தார். இளைஞர் விடவில்லை. தையல் இயந்திரம் செய்யத் தொழிற்சாலை வேண்டுமே, அங்கே பெரிய இயந்திரங்கள் ஓடுமே என்றார். காந்தி ஒத்துக்கொண்டார். அப்படிப்பட்ட ஆலைகள் பொதுவுடைமையாக இருக்கட்டும் என்றார்.

அந்த ராமச்சந்திரன்தான் 1947-ல் தன் மனைவி டாக்டர் சௌந்தரத்துடன் சேர்ந்து திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர். நல்ல ராட்டையைக் கண்டுபிடிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு என்று 1929-ல் காந்தியின் நூற்போர் சங்கம் அறிவித்ததும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. அன்றைக்கு அது பெரிய தொகை. குடிசையில் வைக்கக்கூடியதாக, ஒரு பெண் களைக்காமல் சுற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். சுதந்திரத்துக்குப் பின் பரவிய அம்பர் ராட்டையை உருவாக்கியவர் தமிழ்நாட்டின் ஏகாம்பரநாதன். அவர் பெயரே ராட்டைக்கும் வந்தது. இயந்திரம் யாருக்காக, எந்த அளவில், யார் கையில் என்று கேட்டுவிட்டு, அந்த அளவுக்கு ஏற்ற இயந்திரத்தைச் செய்து பார்த்த மரபு நம்முடையது.

■ பெட்டிச் செய்தி: எங்கே, என்ன முடிவு?

• பிரான்ஸ், 2018: தொடக்கப் பள்ளிகளிலும் நடுநிலைப் பள்ளிகளிலும் செல்போன் பயன்பாட்டுக்குச் சட்டப்படி தடை.

• இந்தியா, 2010: ஏழு நகரங்களில் பொது விசாரணை நடத்திய பிறகு, மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்காயை நிறுத்திவைத்தார் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ்.

• அயர்லாந்து, 2023: கிரேஸ்டோன்ஸ் நகரின் எட்டுத் தொடக்கப் பள்ளிகளின் பெற்றோர் சங்கங்கள், தொடக்கப் பள்ளி முடியும் வரை பிள்ளைக்கு ஸ்மார்ட்போன் இல்லை என்று சேர்ந்து முடிவெடுத்தன.

• நார்வே, 2024 அக்டோபர்: கடையில் ரொக்கமாகப் பணம் கொடுக்கும் வாடிக்கையாளர் உரிமையைச் சட்டம் வலுப்படுத்தியது.

• ஆஸ்திரேலியா, 2025 டிசம்பர் 10: 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு இல்லை. மீறினால் அபராதம் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ அல்ல, கம்பெனிக்கு: 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை.

மதம் வேண்டாம், ஒப்பந்தம் போதும்

இவற்றில் எனக்குப் பிடித்தது கிரேஸ்டோன்ஸ். அங்கே கடவுளின் பெயரால் யாரும் கட்டளையிடவில்லை, மீறியவரை யாரும் ஒதுக்கவில்லை. தண்டனை இல்லாத, விருப்பப்பட்டுச் சேரும் உடன்பாடு. பெற்றோர் தனித்தனியாகப் போராடுவதை நிறுத்திவிட்டு ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்தார்கள். "எல்லாரும் வெச்சிருக்காங்க" என்ற வாதம் அங்கே தானாகச் செத்துப்போனது.

நம் ஊர்ப் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்புப் பெற்றோர் நாற்பது பேர் இதைச் செய்ய என்ன தடை? பெற்றோர் கூட்டத்தில் அரை மணி நேரம் போதும். வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் டைரியில் எழுதிக் கொடுங்கள் என்று பள்ளியிடம் சேர்ந்து கேட்கலாம். ஒரு அப்பா மட்டும் கேட்டால் அவர் தொல்லை கொடுப்பவர். நாற்பது பேர் கேட்டால் பள்ளி யோசிக்கும். லான்காஸ்டரின் பால் கம்பெனி யோசித்தது அப்படித்தான்.

ஆஸ்திரேலியச் சட்டத்தில் ஒரு சிக்கல் உண்டு. வயதைச் சரிபார்க்க வேண்டுமானால் முகத்தையோ அடையாள அட்டையையோ காட்டச் சொல்ல வேண்டியிருக்கும். பிள்ளையைக் காப்பாற்ற வந்த சட்டம் எல்லோருடைய தகவலையும் கம்பெனிகளின் கையில் கொடுத்துவிடக் கூடாது. ஆனாலும் பழியைக் குழந்தையின் தலையிலிருந்து எடுத்துக் கம்பெனியின் தலையில் வைத்த வகையில் அது சரியான இடத்தில் கை வைத்திருக்கிறது.

கேட்கப்படாதவர்கள்

இதுவரை பேசியதெல்லாம் தேர்வு செய்ய முடிந்தவர்களைப் பற்றி. நம் நாட்டில் பெரும்பாலோருக்கு அந்த வாய்ப்பே தரப்படுவதில்லை.

நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜனவரி 1 முதல், எல்லாப் பணித்தளங்களிலும் வருகைப் பதிவு செல்போன் செயலி வழியாகத்தான் என்று மத்திய அரசு கட்டாயமாக்கியது. நாளுக்கு இரண்டு முறை போட்டோ எடுத்து ஏற்ற வேண்டியிருந்தது. சிக்னல் இல்லாவிட்டால், செயலி திறக்காவிட்டால், வெட்டிய மண் வெட்டியபடி இருந்தது, கூலிக்கு மட்டும் உத்தரவாதம் இருக்கவில்லை. காலையில் வேலையை முடித்த பெண், இரண்டாவது போட்டோவுக்காக வெயிலில் காத்திருக்க வேண்டியிருந்தது. எதிர்த்து 2023 பிப்ரவரியில் டெல்லி ஜந்தர் மந்தரில் தொழிலாளர்கள் தர்ணா தொடங்கினார்கள். செயலி வேண்டுமா என்று மண் வெட்டும் பெண்களிடம் முன்கூட்டி யாரும் கேட்கவில்லை.

ரேஷன் கடையில் கைரேகை, பஸ் பாஸுக்கு ஆன்லைன் பதிவு, மின் கட்டணத்துக்குச் செயலி என்று ஒவ்வொன்றாக வருகிறது. ஒவ்வொன்றும் பலருக்கு வசதி. கல் உடைத்துக் கைரேகை தேய்ந்த தாத்தாவுக்கு அது மூடிய கதவு. வசதியானவர் ஒரு கருவியைத் துறந்தால் எளிமை என்று பாராட்டுகிறோம். ஏழை அதைப் பயன்படுத்தத் தெரியாமல் நின்றால் அவருக்குச் சேர வேண்டியது நின்றுபோகிறது.

சுவிட்சர்லாந்தின் ஜெனிவா மாகாணத்தில் 2023 ஜூனில் மக்களிடம் ஓட்டு எடுத்தார்கள். டிஜிட்டல் வாழ்க்கையில் ஒருவருடைய பாதுகாப்பையும், இணையம் இல்லாமலேயே வாழும் உரிமையையும் அரசியல் சட்டத்தில் சேர்க்கலாமா என்பது கேள்வி. 94 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். பணமும் படிப்பும் அதிவேக இணையமும் உள்ள ஊர் அது. இணையத்தைப் பயன்படுத்துகிறவர்களே, பயன்படுத்தாதவரின் கதவு திறந்திருக்க வேண்டும் என்று வாக்களித்தார்கள்.

இங்கே 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. வருகைச் செயலியில் சம்பந்தமில்லாத படங்களும், போட்டோவையே போட்டோ எடுத்து ஏற்றியவையும் இருப்பதாக அதில் ஒப்புக்கொண்டது. அதனால் ஏற்றப்படும் படங்களை ஊராட்சி அளவில் ஆட்கள் பார்த்துச் சரிபார்க்க வேண்டும் என்று உத்தரவிட்டது. மோசடியைத் தடுக்கத்தான் செயலி வந்தது. மோசடி நிற்கவில்லை, நேர்மையாக வேலை பார்த்தவர்களின் அலைச்சல் மட்டும் மிஞ்சியது.

தமிழ்நாட்டில் கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அரசு ஒரு சேவையைச் செயலிக்கு மாற்றினால், அதே சேவைக்கு ஒரு காகிதப் பதிவேடும் அதைக் கையாள ஓர் ஆளும் அதே இடத்தில் இருக்க வேண்டும் என்று அங்கே தீர்மானம் கொண்டுவரலாம். கைரேகை விழாதவர்கள், சிக்னல் இல்லாத தெருக்கள், போன் இல்லாத வீடுகள் எத்தனை என்று ஊரே கணக்கெடுத்து, அந்தக் கணக்கைத் தீர்மானத்தோடு இணைத்து மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பலாம்.